சந்தை ஆட்டம் காணும்போது சில நாள் டிரேடிங்குக்குப் பங்கு எடுப்பது எப்படி?

சேலத்தில் நாலு பேர் சேர்ந்து ஷேர் பற்றிப் பேசினால் செயில் (அரசின் எஃகு நிறுவனம்) பெயர் வராமல் இருக்காது. அதன் இரும்பாலை நம்ம ஊரில் இருக்கிறது, அதனால் அது தெரிந்த பங்கு என்று ஒரு நினைப்பு. ஆனால் அந்தப் பங்கின் விலையை ஆட்டுவிப்பது பிலாய், பொகாரோ மாதிரி பெரிய ஆலைகளும் உலக எஃகு விலையும்தான். குறுகிய கால டிரேடிங்கில் ஊர்ப்பாசத்துக்கு இடமே கொடுக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் சரக்கு எடுக்கிறவர் விலை பேசுவதற்கு முன்னாலேயே இதை யாரிடம் தள்ளலாம் என்று யோசித்துவிடுவார். இங்கேயும் அதுதான் முதல் கேள்வி: நினைத்த நேரத்தில் இதை விற்க முடியுமா? 5% லோயர் சர்க்யூட்டில் (அன்றைக்கு இதற்குக் கீழே விலை போகக்கூடாது என்ற எல்லை) மாட்டிய சின்னப் பங்கில் விற்பவர்கள் லட்சக்கணக்கில் வரிசை கட்டி நிற்க, வாங்க ஒரு ஆள் இருக்கமாட்டார், உங்கள் ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று வைக்கிற ஆர்டர்) அங்கே வெறும் எண். அதனால் தினமும் குறைந்தது 50 கோடி ரூபாய்க்குக் கைமாறுகிற பங்குகளை மட்டும் பாருங்கள், ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்கிற பங்குச்சந்தையின் கண்காணிப்புப் பட்டியலில் இருப்பதைத் தொடவே வேண்டாம். நிஃப்டி 100-க்குள் (பெரிய 100 நிறுவனங்களின் பட்டியல்) தேடினாலே போதும் என்பது என் கருத்து.

அப்புறம் நிஃப்டி விழுந்த நாட்களை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு எது விழாமல் நின்றது என்று பாருங்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், நல்ல பாடம். நிஃப்டி கிட்டத்தட்ட 6% சரிந்தது, கருத்துக்கணிப்பை நம்பி முந்தைய நாள் ஏறிய அரசு நிறுவனப் பங்குகள்தான் பலமாக அடிவாங்கின, ஆனால் ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஏறி முடிந்தது. இப்படி நிற்கிற பங்குகளுக்குத்தான் சந்தை கொஞ்சம் நிதானித்ததும் முதலில் ஆள் வருகிறது. எப்போதும் அப்படி நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் ‘ரொம்ப விழுந்துவிட்டது, இனி ஏறும்’ என்று வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, எத்தனை பங்கு வாங்குவது? கையில் 1 லட்சம் இருந்தால் ஒரு டிரேடில் போகலாம் என்று ஒப்புக்கொள்கிற நஷ்டம் 1,000 ரூபாய். பங்கு 480-ல் இருக்கிறது, சமீபத்திய இறக்கத்தின் அடி 466, அதற்குக் கீழே 465-ல் ஸ்டாப் லாஸ். வித்தியாசம் 15 ரூபாய், ஆக 66 பங்கு, அவ்வளவுதான். மறுநாள் 450-ல் திறந்தால் நஷ்டம் இரட்டிப்பாகும் என்பதால், இந்தியா விக்ஸ் (சந்தை எவ்வளவு ஆடும் என்று காட்டும் குறியீடு) 20-ஐத் தாண்டியிருந்தால் அதையும் பாதியாக்கி 33 ஆக்கிவிடுங்கள். ஜிடிடி (சொன்ன விலையைத் தொட்டதும் தானாகப் போகிற ஆர்டர்) போடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். டிரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை) 465, லிமிட் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) 464 என்று நெருக்கி வைத்தால், 450-ல் திறக்கிற நாளில் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே தொங்கும். லிமிட்டை நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள், அப்போதும் கிடைக்கிற நல்ல விலைக்குத்தான் விற்கும்.

வாங்குவதற்கு முன் அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள், அதற்கு முந்தைய நாளே வெளியே வந்துவிடுவது நல்லது. ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கிற நாளில் வங்கிப் பங்குக்கும் இதே விதிதான்.

கடன் வாங்கி இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) பக்கம் போகாதீர்கள். 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது. டெலிவரி எடுத்து (பங்கை உங்கள் கணக்குக்குக் கொண்டுவந்து) விற்றாலும் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% எஸ்டிடி (பங்கு பரிவர்த்தனை வரி) உண்டு, ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20% வரி. 480-க்கு வாங்கி 485-க்கு விற்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இலக்கு 510-க்குக் கீழே, அதாவது 15 ரூபாய் ரிஸ்க்குக்கு இரண்டு மடங்கு லாபம் இல்லை என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.