டோலுக்கு ஆண்டு பாஸ்: வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

சொந்தக் காரில் அடிக்கடி ஓசூர், சேலம் போய்வரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தபோது விலை 3,000 ரூபாய்; ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். அதாவது அந்த விலையில், 200 முறையும் பயன்படுத்தினால் ஒரு டோலுக்கு 15 ரூபாய்தான். பாஸ் விலையை உங்கள் டோல் கட்டணத்தால் வகுங்கள். வருடத்தில் அதைவிட அதிகமுறை கடந்தால் லாபம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாகக் கணக்காகும், இதைப் பலர் மறக்கிறார்கள்.

டாக்ஸி, சரக்கு வண்டிகளுக்குக் கிடையாது. மாநில நெடுஞ்சாலை டோலிலும் செல்லாது, அதற்கு ஃபாஸ்டேக்கில் தனியாகப் பணம் இருக்கட்டும். டோலுக்கு 20 கிலோமீட்டருக்குள் வீடு, தினமும் போய்வருகிறீர்கள் என்றால் 200 முறை நூறே நாளில் தீர்ந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கான மாதாந்திர பாஸே உங்களுக்குச் சரி.