உங்கள் ஊரில் மாதாந்திர பைத்தான் நிரல்மொழிக் கூட்டம் நடத்த

எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியை முடிவு செய்யுங்கள். அறை கிடைக்கிற நாளில் கூட்டம் என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதமே ஆட்கள் குறைந்துவிடுவார்கள். மதுரையில் எங்களுக்கு இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பதால் வங்கி வேலையில் இருப்பவர்களும் வர முடிகிறது. சென்னையில் ஐஎல்யுஜிசி என்கிற லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமைகளில்தான் பல ஆண்டுகள் கூடியது. சென்னைப்பை என்கிற பைத்தான் குழுவுக்கு நான்காம் சனிக்கிழமை. இப்படி வைத்துக்கொண்டால் நாட்காட்டியைப் பார்த்தாலே போதும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒருமுறை குறித்த நாளை மாற்றாதீர்கள். பேச்சாளருக்கு வசதிப்படவில்லை என்றால் பேச்சாளரை மாற்றுங்கள், தேதி அப்படியே இருக்கட்டும். சித்திரைத் திருவிழா அந்த வாரத்தில் விழுந்தால் மட்டும் நாங்கள் அந்த மாதத்தையே விட்டுவிடுவோம். மாசி வீதிகளிலும் கோரிப்பாளையத்திலும் வண்டி நகராத நாளில் திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் பிள்ளைகளை வரச்சொல்வது நியாயமில்லை.

அடுத்தது இடம். கல்லூரி வகுப்பறைதான் என் விருப்பம். துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், முதல்வரின் கையெழுத்து, சனிக்கிழமை பணியில் இருக்கும் காவலாளியின் பெயரும் கைபேசி எண்ணும். இந்த மூன்றில் கடைசியானதைப் பலர் மறப்பார்கள். கதவைத் திறப்பவர் அவர்தான். முந்தின நாளே அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். நிறுவனங்களும் அறை தருவார்கள், ஏசியும் நல்ல திரையும் இருக்கும். ஆனால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், வருபவர்களின் பட்டியலை இரண்டு நாள் முன்பே கொடுக்க வேண்டியிருக்கும், திடீரென்று கிளம்பி வருகிற மாணவர் வெளியே நின்றுவிடுவார். அப்படிப்பட்ட இடம்தான் கிடைக்கிறது என்றால் வாசலிலேயே நம் ஆள் ஒருவர் நிற்கட்டும். இடம் தந்தவர்கள் தங்கள் வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுவார்கள். கடைசியில் இரண்டு நிமிடம் கொடுங்கள், நடுவில் வேண்டாம்.

ஒரு பையில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியவை: ஹெச்டிஎம்ஐ கேபிள், பழைய புரொஜெக்டருக்காக விஜிஏ மாற்றி, டைப் சி மாற்றி, ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மார்க்கர் பேனா, இரண்டு பென்டிரைவ். அந்தப் பென்டிரைவ்கள் முக்கியம். கல்லூரி வைஃபையில், பைத்தான் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் பிப் கட்டளை பெரும்பாலும் தடைப்பட்டுத்தான் கிடக்கும். பயிற்சிப் பட்டறை என்றால் தேவையான தொகுப்புகளை வீட்டிலேயே பிப் டவுன்லோடு கொடுத்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) போன்ற தொகுப்புகள் விண்டோஸுக்கு வேறு, லினக்ஸுக்கு வேறு, பைத்தான் பதிப்புக்கும் தகுந்தபடி மாறும் என்பதால் இரண்டு மூன்று வகையாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு இணையமே இல்லாமல் அந்தக் கோப்புறையைக் காட்டி நிறுவலாம். விண்டோஸில் பைத்தானைப் புதிதாக நிறுவுகிறவர்களிடம் முதல் திரையிலேயே கீழே பாருங்கள், பாத்தில் (PATH, கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதை டிக் செய்யுங்கள் என்று சத்தமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் முதல் அரைமணி நேரம் அந்தப் பெட்டியாலேயே போய்விடும்.

இப்போது பேச்சாளர்கள். கூட்டம் தொடர்ந்து நடக்குமா நிற்குமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால் நீட்டியே சொல்கிறேன். பெரிய நிறுவனத்திலிருந்து பெயர்பெற்ற ஒருவரை அழைத்தால் அன்று அறை நிறையும், அடுத்த மாதம் பாதிகூட வரமாட்டார்கள். அதையே இரண்டாம் ஆண்டு பாலிடெக்னிக் மாணவர் பேசினால், அவருடைய நண்பர்கள் நான்கு பேர் வருவார்கள், அவர்களில் ஒருவர் அடுத்து பேசக் கேட்பார். எங்கள் கூட்டம் இப்படித்தான் வளர்ந்தது.

பேசுவீர்களா என்று பொதுவாகக் கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். தேநீர் இடைவேளையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு மடிக்கணினியைத் திருப்பி எதையோ விளக்கிக்கொண்டிருப்பார். அவரைப் பிடியுங்கள். ஒரு தம்பி தன் அப்பாவின் பலசரக்குக் கடைக்காக வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைப் பிரித்து எக்ஸெல் கோப்பாக்கும் நிரல் எழுதியிருந்தான். இதையே அடுத்த மாதம் பதினைந்து நிமிடம் சொல்லேன் என்றேன். "அக்கா, எனக்கு இங்கிலீஷ்ல பேச வராது" என்றான். "தமிழ்லயே சொல்லுப்பா. இப்ப இவன்கிட்ட சொன்னியே, அப்படியே." சொன்னான். படி கணக்குக்கும் கிலோ கணக்குக்கும் இடையே வந்த குழப்பத்தை எப்படித் தீர்த்தான் என்று அவன் விளக்கியபோது, பத்து வருட அனுபவக்காரர்களும் குறிப்பு எடுத்தார்கள்.

தமிழில் பேசுங்கள் என்பதை நான் கூட்டத்தின் விதியாகவே வைத்திருக்கிறேன். லூப், ஃபங்ஷன், டிக்ஷ்னரி எல்லாம் அப்படியே வரட்டும். அவற்றைச் சுற்றி உள்ள வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். கேள்வி கேட்கிற எண்ணிக்கையில் உடனே வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் பேசியே பழகியவர் வந்தால் அவருக்குத் தடையில்லை, கேள்விகள் மட்டும் தமிழில் வரும் என்று முன்பே சொல்லிவிடுவேன்.

முதல்முறை பேசுகிறவருக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை வையுங்கள். போனில் போதும், திரையைப் பகிர்ந்தால் இன்னும் நல்லது. நான் பார்ப்பது இவ்வளவுதான்: முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஓடுகிற நிரல் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறதா? எழுத்து அளவு கடைசி வரிசைக்கும் புரிகிற அளவு பெரிதா? இருபத்து நான்கு புள்ளிக்குக் குறையக் கூடாது, கறுப்புப் பின்னணியும் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணிதான் தெரியும். வாழ்க்கைக் குறிப்பு, பைத்தானின் வரலாறு என்று தொடங்கினால் அதை வெட்டச் சொல்வேன். கைடோ வான் ராசம் 1991-ல் முதல் பதிப்பை வெளியிட்டார் என்பது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

தலைப்பு கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு நான் தருகிற ஒன்று உண்டு. தமிழ் என்கிற சொல்லைப் பைத்தான் 3-ல் கொடுத்து நீளம் கேட்டால் ஐந்து என்று வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் அதே சொல் பதினைந்து பைட். அதைத் தலைகீழாக்கினால் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும், இகரம் ழகரத்தில் ஒட்டிக்கொண்டு ழி என்றாகிவிடும். இதைத் திரையில் காட்டி, சரியாக எழுத்து பிரிக்க என்ன செய்ய வேண்டும் என்று அறையிலிருப்பவர்களையே யோசிக்க வைத்து, பிறகு தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்கிற பைத்தான் நிரல் நூலகம் அதை எப்படிச் செய்கிறது என்று அதன் நிரலைத் திறந்து படிக்கலாம். அரைமணி நேரம் நிச்சயம். வேற்றூர்க் கூட்டங்களில் இவ்வளவு சூடாக விவாதிக்க முடியாத விஷயம் இது.

நிகழ்ச்சி நிரல் எளிது. பத்தரைக்குத் தொடங்கி, ஒவ்வொருவரும் பெயரும் இப்போது செய்துகொண்டிருப்பதும் ஒரு வரியில். நாற்பது நிமிடப் பேச்சு ஒன்று. தேநீர். பதினைந்து நிமிடப் பேச்சு ஒன்று. பிறகு ஐந்து நிமிட மின்னல் பேச்சுகள், கைபேசியில் மணி வைத்து, அடித்ததும் கைதட்டி நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு முடித்துவிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கும் விடுதி மாணவிகளுக்கும் அது முக்கியம்.

தேநீர் இடைவேளையை இருபது நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். எதிர்க்கடையில் சொல்லி வைத்தால் பிளாஸ்க்கில் தேநீரும் ஒரு தட்டு பருப்பு வடையும் அனுப்பிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். உண்டியல் மாதிரி ஒரு டப்பா வைத்து, வேலையில் இருப்பவர்கள் போடட்டும், மாணவர்கள் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரவு செலவை அன்றே கரும்பலகையில் எழுதுங்கள்.

பெண்கள் வருகிறார்களா என்று பாருங்கள். முதல்முறை தனியாக வருகிற பெண் கதவருகே நின்று உள்ளே இன்னொரு பெண் இருக்கிறாளா என்றுதான் பார்ப்பாள். ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒரு பெண் பேச வேண்டும், இன்னொருவர் வரவேற்பில் இருக்க வேண்டும். 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய, பைத்தான் எழுதும் பெண்களுக்கான பைலேடீஸ் இந்தக் குறையிலிருந்து பிறந்த அமைப்புதான். நடத்தை விதிகளை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசியுங்கள், முறையிட வேண்டுமென்றால் யாரிடம் என்று இரண்டு பேரைக் காட்டுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எல்லாரும் நண்பர்கள்தானே, எதற்கு இதெல்லாம் என்பார்கள். வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் வெயிலும் சேர்ந்து ஆட்களைக் குறைக்கும். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். பேச்சாளர் வரவில்லையா, நிரல் படிக்கலாம். பைத்தானில் இம்போர்ட் திஸ் என்று அடித்தால் பைத்தானின் கொள்கைகளாக டிம் பீட்டர்ஸ் எழுதிய பத்தொன்பது வரிகள் திரையில் வரும். திஸ் என்கிற அந்த மாட்யூலின் (நிரல் தொகுதியின்) மூலக்கோப்பைத் திறந்து பாருங்கள், அந்த வரிகள் உள்ளே புரியாத எழுத்துக் கூட்டமாகக் கிடக்கும். ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்திருக்கிறார்கள். அது எப்படிப் பிரிகிறது என்று ஐந்து பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும், புதியவருக்கு டிக்ஷ்னரியும் லூப்பும் அதிலேயே புரிந்துவிடும்.

அடுத்த மூன்று மாதங்களுக்கான பேச்சாளர் பெயர்கள் எப்போதும் நோட்டில் இருக்க வேண்டும். அவர்களில் நன்றாகப் பேசியவர்களைப் பைகான் இந்தியாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2009-ல் பெங்களூரில் தொடங்கிய பைத்தான் மாநாடு அது, 2019-ல் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது. இங்கே ஒருமுறை பேசிச் சரிசெய்த பேச்சு அங்கே எளிதாக நிற்கும். அறையைப் பூட்டுவதற்கு முன் அடுத்த மாதத் தேதியையும் பேசப்போகிறவரின் பெயரையும் கரும்பலகையில் எழுதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் அந்தப் படம் எல்லாருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.