வேலூருக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஊசி விவகாரம்

யாழ்ப்பாணத்திலிருந்து முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்காக வேலூர் வருகிறவர்களுக்கு அலுவலக வேலைகள் பெரிய சிக்கலாக இருப்பதில்லை. மருத்துவ விசாவோடு, உதவிக்கு வருகிற இருவர் வரை தனி விசா பெறலாம். சென்னையிலிருந்து வேலூரை ஒட்டிய காட்பாடிக்கு ரயில் உண்டு. வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை லாட்ஜ்காரர் பதிந்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காந்தி ரோட்டில் பெயர்ப்பலகைகள் வங்காள மொழியில் இருப்பதையும், தமிழராகிய நம்மையே கடைக்காரர்கள் இந்தியில் கூப்பிடுவதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. பயணத்தில் காலை மடக்கி இருக்க வேண்டுமே என்று, என் மாமி புறப்படுவதற்குச் சற்று முன் ஊரிலுள்ள ஒரு மாலை நேரக் கிளினிக்கில் முழங்காலுக்குள் ஊசி போட்டுக்கொண்டார். வலி அடங்கி, காட்பாடி ஸ்டேஷன் படிகளைக்கூடத் தனியே ஏறினார். இங்குள்ள நிபுணரோ கடைசி ஊசி எப்போது என்று கேட்டறிந்ததும் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார். காரணம், மூட்டுக்குள் ஊசியாகப் போடும் ஸ்டீராய்டு மருந்து, அழற்சியை அடக்குவதோடு கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் அங்கே குறைக்கிறது. செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் அதைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியும் வரலாம் என்பதால், ஊசி போட்ட 3 மாதங்களுக்குள் அறுவைக்குப் பல நிபுணர்கள் சம்மதிப்பதில்லை. கிளினிக் கொடுத்த துண்டில் 'முழங்கால் ஊசி' என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை. மருந்தின் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிற வைத்தியர்களை நாம்தான் இவ்வளவு காலமும் பழக்கிவைத்திருக்கிறோம்.

ஆகவே ஊசி போட்டவர்கள் மருந்தின் பெயர், அளவு, எந்த மூட்டு, எந்தத் தேதி என்பவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே நிபுணரிடம் தெரிவியுங்கள். ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டுதான். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். மாமிக்கும் ஏறியது, ஆனால் லாட்ஜ் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டோம். குதிகால் வலிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்குள்ள பெரிய தசைநாணுக்குள் ஸ்டீராய்டு செலுத்தினால் அது அறுந்துபோகும் அபாயம் உண்டு.

தள்ளிவைத்துவிட்டால் லாட்ஜ் வாடகை கட்டிக்கொண்டு இங்கே காத்திருக்காதீர்கள். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் தொடைத்தசைப் பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். அடுத்த தேதியை எழுத்தில் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.