பழைய செவர்லே 350 என்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1967இல் வெளிவந்த செவர்லே 350 கன அங்குல வி8 என்ஜின், பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனாலேயே பலர் கேம்ஷாஃப்டை (சுருக்கமாகக் கேம்; வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) முதலில் வாங்கிவிட்டு, பொருந்துமா என்று பிறகு யோசிக்கிறார்கள். என்ஜினுக்குள் இருப்பது என்ன என்று கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். கார் வெளியான ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. இத்தனை காலத்தில் என்ஜினே மாறியிருக்கலாம். பிளாக்கின் (என்ஜினின் முக்கிய வார்ப்பு உடல்) பின்புற விளிம்பில் வார்க்கப்பட்டிருக்கும் எண்தான் சரியான சாட்சி.

லிஃப்டர் (கேமின் மேட்டில் ஏறி இறங்கி வால்வைத் திறக்க வைக்கும் சிறு உருளை) வகையைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1987 வரை இந்த என்ஜின்கள் தட்டை லிஃப்டருடன் வந்தன; அந்த ஆண்டிலிருந்து கார்களில் ரோலர் லிஃப்டர் வரத் தொடங்கியது. தட்டை வகையில், கேமின் மேடு மிக லேசாகச் சாய்த்துத் தேய்க்கப்பட்டிருக்கும். லிஃப்டரின் அடிப்பகுதியும் துளி குவிந்திருக்கும். இதனால் லிஃப்டர் சுழன்றுகொண்டே தேய்மானத்தைப் பரப்புகிறது, கேமையும் பின்பக்கமாகத் தள்ளி இருந்த இடத்தில் நிறுத்துகிறது. ரோலர் கேமில் அந்தச் சாய்வு கிடையாது. எனவே தொழிற்சாலை ரோலர் கேமை முன்புறத்தில் ஒரு தகடு பிடித்துக்கொள்கிறது. அந்தத் தகட்டுக்கு இடமில்லாத பழைய பிளாக்கில் அதே கேமைப் போட்டால், அது முன்னும் பின்னும் நகரும். அதன் மூக்குப் பகுதியும் (முன்முனை) வேறு அளவில் இருப்பதால், கேமைக் கிராங்கோடு இணைத்துச் சுழற்றும் பழைய டைமிங் கியர் உட்காராது. பழைய பிளாக்குக்கு ரோலர் வேண்டுமென்றால், அதற்கென்றே செய்யப்படும் கேமையும் இணைப்புப் பட்டையுள்ள லிஃப்டர்களையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

தட்டை வகையிலேயே இருக்க முடிவு செய்தால், புதிய கேமில் பழைய லிஃப்டர்களைப் போடாதீர்கள். அவை பழைய மேடுகளோடு தேய்ந்து பழகியவை. புதியதைச் சீக்கிரமே அரித்துவிடும். முதல் முறை ஓட்டும்போது சும்மா ஐடிலில் விட்டு வைப்பதும் கேடு. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய தண்டு) சுழன்று தெறிக்கும் ஆயில்தான் கேமை நனைக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்றுக்கு மேல், சுமார் 20 நிமிடம், துத்தநாகம் மிகுந்த ஆயிலுடன் ஓட்ட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும், கேம் சுழற்றும் கருவி) கியரைப் பலர் மறந்தே போகிறார்கள். வார்ப்பிரும்புக் கேமுக்கு ஏற்ற கியர், எஃகு ரோலர் கேமில் விரைவில் தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலில் கலந்துவிடும். எந்தக் கியர் பொருந்தும் என்று கேம் விற்பவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கடகடவென்ற ஐடில் சத்தத்துக்காகப் பெரிய கேம் எடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 1970களின் 350 என்ஜின்கள் பலவற்றில் அழுத்த விகிதம் 8.5:1 அளவுதான். அதில் வால்வு நெடுநேரம் திறந்திருந்தால், நகரத்தில் ஓட்டும் வேகத்தில் இழுவை குறையும். பவர் பிரேக்குக்கு உதவும் என்ஜின் வெற்றிடம் குறைந்து, பிரேக் மிதியும் கல்லாகிவிடும். விளம்பரத்தில் உள்ள, வால்வு திறந்திருக்கும் கால அளவு எண்களை நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு இடத்தில் அளக்கிறார்கள். லிஃப்டரின் 0.050 அங்குல உயர்வில் அளந்த எண்ணை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வால்வு உயர்வு கூடினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டியிருக்கும். 1996 முதல் வந்த வோர்டெக் ஹெட்டுகளில் (வால்வுகள் அமைந்த மேற்பகுதி), எதையும் மாற்றாமல் 0.460 அங்குலத்தைத் தாண்டினால் ஸ்பிரிங் தொப்பி வால்வு சீலில் இடிக்கும் அபாயம் உண்டு.

பிஸ்டனும் வால்வும் மோதாது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யாதீர்கள். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறிது எண்ணெய் தடவி ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கி அளவைக் கெடுக்கும். சோதனைக்கு மட்டும் திட லிஃப்டர் தேவை. பிறகு ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைக் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளவிடுங்கள். இன்டேக் (உள்ளிழுக்கும்) வால்வுப் பக்கம் குறைந்தது 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட் (வெளியேற்றும்) வால்வுப் பக்கம் 2.5 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். குறைந்தால், தடித்த கேஸ்கட் போட்டுச் சமாளிப்பதைவிடச் சிறிய கேமுக்கு மாறுவதே மேல். கேஸ்கட் தடித்தால் ஏற்கனவே குறைவாக இருக்கும் அழுத்த விகிதம் இன்னும் இறங்கும்.