பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு இப்போதே திட்டமிடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பாலான வீடுகளில் கல்லூரியைப் பற்றிய பேச்சு பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் எந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்வது, எந்தக் குரூப் எடுப்பது, சான்றிதழ்களில் பெயரும் முன்னெழுத்தும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்ற மூன்றும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் மே மாதத்தின் சில நாள் அவசரத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. பின்னால் மாற்றுவதற்கு மிகக் கடினமானவையும் இந்த மூன்றுதாம். ஆகவே, அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் பெற்றோர் பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது அந்தப் பேச்சை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பாட்டி வீட்டில் இருந்து படித்தால், அவ்வீட்டில் விவரம் தெரிந்த சித்தப்பாவோ அத்தையோ கூட இருப்பது உதவும்.

பேச்சை "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று தொடங்க வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வேலைகள் டாக்டர், இன்ஜினீயர், போலீஸ், டீச்சர் என்ற நான்கைந்துக்குள் அடங்கிவிடும் என்பதால், பதிலும் அவற்றில் ஒன்றாகவே வரும். மாறாக, ஒரு தாளில் மூன்று படிப்புகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிளஸ் டூவில் எந்தப் பாடங்கள் தேவை, நுழைவுத் தேர்வு உண்டா, எங்கே படிக்கலாம், அந்த இடம் வீட்டிலிருந்து எத்தனை தொலைவு என்பதைப் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நம் இரு மாவட்டங்களில் இருப்பவற்றை எழுதத் தொடங்கினாலே தாள் நிறைந்துவிடும். பொறியியலுக்குச் செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரியும், ஓசூருக்கு அருகே மத்திகிரியில் கோழியினத் தொழில்நுட்பப் படிப்புக்கான கல்லூரியும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர், பென்னாகரம், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களில் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மத்திகிரியில் அப்படி ஒரு படிப்பு இருப்பது, கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

மூன்று படிப்புகளும் எழுதப்பட்ட பிறகு குரூப்பைப் பற்றிப் பேசலாம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய குரூப்பில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஒருசேர வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நான்கும் கனமான பாடங்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்திலேயே திணறும் பிள்ளையை, "எதற்கும் இருக்கட்டும்" என்று இதில் சேர்த்தால் இரண்டு வழிகளிலும் மதிப்பெண் குறையும். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கணிதத்தில் நாட்டமில்லாத பிள்ளை தானாகவே வேறு வழியை யோசிக்கும். கணினி அறிவியல் குரூப்பை எடுத்தால் உயிரியல் இருக்காது. அதனால் நர்சிங், கால்நடை மருத்துவம் போன்றவை கைவிட்டுப் போகும். மருத்துவத் துறை என்றாலே நீட் என்று பல வீடுகளில் அஞ்சுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள், வேளாண் பட்டப்படிப்புகள் ஆகியவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடக்கிறது. இந்த ஒரு தகவல் தெரியாமல் உயிரியலைக் கைவிட்ட பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம் என்பது என் கணிப்பு.

வணிகவியல், வரலாறு குரூப்புகளை மதிப்பெண் குறைந்தவர்களின் புகலிடமாகப் பார்க்கும் பழக்கம் ஆசிரியர்களிடமே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். பட்டயக் கணக்காளர் படிப்புக்குப் பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே பதிவு செய்துகொண்டு, பிளஸ் டூ முடித்ததும் அடிப்படைத் தேர்வை எழுத முடியும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும்.

அடுத்தது பள்ளி மாற்றம். இதை மிக நிதானமாக யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நானூற்றைம்பதுக்கு மேல் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டுக்கு, முடிவு வந்த அன்று மாலையே தனியார் விடுதிப் பள்ளிகளின் ஆட்கள் கட்டணச் சலுகையோடு வந்துவிடுவதைப் பார்க்கிறோம். சலுகையை ஏற்று இடம் மாறுவதற்கு முன்பு, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த உரிமை போய்விடும். கல்லூரிக் காலத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் கிடைக்காமல் போகும். அரசு உதவிபெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்: உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த மாத உதவித்தொகை உண்டு, 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. அருகில் உள்ள பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள் போதவில்லை என்ற காரணம் நியாயமானதே. அப்போது வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளியையோ மாவட்டத்தின் அரசு மாதிரிப் பள்ளியையோ முதலில் விசாரிக்கலாம்.

பிளஸ் ஒன்னுக்கே போகாத வழியும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு டிப்ளமா படித்தவர், பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் டிப்ளமா முடித்தவர்களைத் தொடர்ந்து எடுக்கின்றன. கையால் செய்து கற்பதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. படிக்காதவனை அனுப்பும் இடமாக இதைப் பேசக் கூடாது. ஆனால் பின்னால் நர்சிங் போன்றவற்றுக்கு மாறுவதானால் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதைச் சேரும் முன்பே பிள்ளைக்கு விளக்கிவிட வேண்டும்.

சான்றிதழ் வேலைக்கு ஒரு தனி மாலையை ஒதுக்குங்கள். முதலில் ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் காலத்தில் திருத்தம் செய்வது தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடியக்கூடிய வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு நெடுநாள் அலைய வேண்டும். தளி, அஞ்செட்டிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களில், பெயரை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால் அங்கே இந்தச் சரிபார்ப்பு மிக அவசியம். பிறகு சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், அதை மட்டும் பிளஸ் டூ முடியும் சமயத்தில் புதிதாக வாங்குங்கள். சித்தேரி மலைப் பகுதி மக்களைப் போன்ற பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியரே வழங்குகிறார். விசாரணைக்கு நாள் பிடிக்கும் ஆதலால், அதற்குப் பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பதுதான் சரி. மாநிலச் சான்றிதழில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும் பிள்ளைகள் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க, தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆகையால், அக்கா கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு அது கிடைக்காது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறலாமா என்று கேட்கும். மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழிலேயே படித்திருந்தால்தான் அது பொருந்தும். அரசுப் பணியை நினைத்திருக்கும் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டதால், அந்த ஆண்டு முழுவதும் ஓய்வு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் மருத்துவத்துக்கான நீட், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. இரண்டு நுழைவுத் தேர்வுகளிலும் பிளஸ் ஒன் பாடங்களிலிருந்து ஏறக்குறையப் பாதி கேள்விகள் வருகின்றன. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் அரசுப் பள்ளி மாணவர்கள் ஆயிரம் பேருக்கு, இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு வரையிலான கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும்தான் அத்தேர்வில் கேட்கப்படுகின்றன என்பதால், பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

மாணவிகளின் விஷயத்தில் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். நம் பக்கத்தில் பெண் பிள்ளையின் படிப்பு மதிப்பெண்ணால் நிற்பதைவிடத் தொலைவாலும் திருமணப் பேச்சாலும் நிற்பதே அதிகம். ஆதலால், தாளில் எழுதிய மூன்று படிப்புகளில் ஒன்றாவது வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய கல்லூரியில் இருக்கட்டும். மற்றொன்றுக்கு விடுதி எங்கே என்பதைத் தாயும் நேரில் போய்ப் பார்த்துவிடட்டும். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும், மாதந்தோறும் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே சேரும் என்பதும் தாத்தா, பெரியப்பா போன்றோரிடம் எடுபடும் வாதங்கள். பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் பேசப்படுவது தெரிந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஆசிரியரோ அந்தப் பிள்ளையோ தயங்காமல் பேசலாம்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டு வீணாவதில்லை. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கும். தேர்ச்சி பெற்றவர் அதே ஆண்டில் பிளஸ் ஒன்னிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரலாம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு என்பதால், முடிவு வந்த மறுநாளே பள்ளிக்குப் போய்விடுங்கள். கோபத்தில் பிள்ளையை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு அனுப்பிவிட்டால் அந்த நாட்கள் கடந்துவிடும். விவரம் தெரியாதவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.