சிலோனுக்குப் போனவரைச் சபைப் புத்தகத்தில் தேடுவது எப்படி

எங்கள் பாட்டாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சிலோனுக்குப் போனார், திரும்பி வரவில்லை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பார், தேயிலைத் தோட்டத்துக்கோ ரயில்வே வேலைக்கோ கொழும்புக் கடைக்கோ போய் அப்படியே பேச்சில்லாமல் போனவர். எங்கள் ஆளைத் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதில் முதல் இரண்டு வருடம் தவறான இடத்தில் போனது. உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். போனவரைத் தேடாதீர்கள், அவரோடு பிறந்து ஊரிலேயே நின்றவர்களைத் தேடுங்கள். கப்பலேறியவருக்கு ஊர்ச் சபையின் பதிவுப் புத்தகத்தில் ஞானஸ்நான வரி ஒன்று இருக்கும், அதோடு சரி. ஊரில் நின்ற அண்ணனுக்கும் அக்காளுக்கும் கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், பாகம் பிரித்த ஆதாரம் (சொத்துப் பத்திரம்), அடக்கம் என்று ஆளுக்குப் பத்துப் பதினைந்து வரி இருக்கும், அந்த வரிகளில் எங்கேயாவது நம் ஆள் சாட்சியாக, ஞானத்தகப்பனாக, இல்லாவிட்டால் சொத்தில் பங்குள்ளவராக எட்டிப் பார்ப்பார். நான் இது தெரியாமல் இலங்கைப் பட்டியல்களில் வெறும் பெயரை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தேன். ஞானமுத்து என்ற பெயரில் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள், நீங்களே யோசியுங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய வேதாகமம் இருந்தால் முன்னாலும் பின்னாலும் உள்ள வெற்றுத் தாள்களைப் பாருங்கள், பிறப்பும் இறப்பும் எழுதி வைக்கிற வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. எங்கள் வீட்டு வேதாகமத்தில் ஐந்து பேருடைய பெயர் இருந்தது, நான்கு பேருக்கு இறந்த தேதி இருந்தது, ஐந்தாவது பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த வெற்றிடம்தான் எங்கள் ஆள். புகைப்படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், எந்த ஊர் ஸ்டுடியோ என்ற முத்திரை இருக்கும். கடிதம் கிழிந்துபோனாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரையில் ஊர் இருக்கும்.

வயதானவர்களிடம் பேசும்போது எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேளுங்கள். எங்கள் பெரியம்மையிடம் அப்படிக் கேட்டபோதுதான், "அவரு போனது தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு முந்தியாக்கும் மக்களே, அக்கா கல்யாணம் கழிஞ்ச பெறவு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தொடக்கமும் முடிவும் இரண்டுமே இருந்தது. தொண்ணூற்றொன்பது என்றால் கொல்லம் என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் 1099, திருவிதாங்கூரைப் புரட்டிப் போட்ட 1924 ஜூலை வெள்ளம்.

கொல்லம் ஆண்டு தெரியாமல் இந்த மாவட்டத்தில் பழைய காகிதத்தைத் தொடமுடியாது. 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஆதாரங்களிலும் பல சபைப் புத்தகங்களிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் தொடங்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை என்றால் 825. கொல்லம் 1092 தை கடைசி என்றால் 1917. மார்கழி நடுவில் ஆங்கில வருடம் மாறுவதால் அந்த மாதத்துத் தேதிகளை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள். இன்னும் பழைய எழுத்தில் தமிழ் எண்கள் வரும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, அதற்கு முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்க வேண்டும், ஆகவே ௲௭௰௫ என்பது 1075. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். இதை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மறந்துவிடும்.

அடுத்தது எந்தச் சபை என்பது. இப்போது நீங்கள் போகிற கோயில் உங்கள் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலாக இருக்கவேண்டும் என்றில்லை. சீர்திருத்தச் சபை வழி வந்தவர்களுக்கு 1806-ல் லண்டன் மிஷனரி சங்கத்தின் (லண்டன் மிஷன்) ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததிலிருந்து கதை தொடங்குகிறது. பிறகு லண்டன் மிஷன் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை, சாந்தபுரம், ஜேம்ஸ்டவுன், திட்டுவிளை என்று வட்டாரங்களாக விரிந்தது. இந்தச் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தன, கன்னியாகுமரிப் பேராயம் 1959-ல் உருவானது. சின்ன ஊர்ச் சபைகள் ரொம்ப நாள் ஒரு பெரிய சபையின் கிளையாக இருந்தவை. அதனால் உங்கள் சபையில் "எங்களிடம் 1940-க்குப் பிறகுதான் புத்தகம் இருக்கிறது" என்று சொன்னால் சோர்ந்துபோகாமல், அதற்கு முன்னால் எந்தச் சபையின் கீழ் இருந்தோம் என்று கேளுங்கள். விளவங்கோட்டுக்காரர்கள் பாறசாலையையும் மறக்கவேண்டாம். அது இப்போது கேரளம், ஆனால் 1956-க்கு முன்னால் அங்கே எல்லைக் கோடு கிடையாது.

கத்தோலிக்கர்களுக்குக் கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014-ல் கோட்டாறிலிருந்து பிரிந்தது. பங்குகளும் (ஒரு பங்குக் குருவின் கீழ் உள்ள ஊர்ச் சபைகள்) இதேபோல் பிரிந்துகொண்டே வந்தவைதான், எனவே தாய்ப் பங்கு எது என்று விசாரியுங்கள். லூத்தரன் மிஷன் நாகர்கோவிலுக்கு 1907-ல் வந்தது. இரட்சணிய சேனைக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடவே தேடாதீர்கள், சேனையில் ஞானஸ்நானம் கிடையாது. குழந்தைப் பிரதிஷ்டையும் சேனை வீரர் பட்டியலும்தான் அங்கே கேட்கவேண்டியவை.

கோயிலுக்கு எப்படிப் போவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போதகரைப் பிடிக்காதீர்கள், அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை. முதலில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: யாரைத் தேடுகிறீர்கள், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பார்க்கவேண்டும். நாள் குறித்து வாரநாளில் போங்கள். சபைச் செயலாளர், பழைய உபதேசியார் குடும்பம், கத்தோலிக்கக் கோயில் என்றால் கோயில்பிள்ளை, இவர்களுக்கு எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியும். தாள் பொடிந்துகொண்டிருக்கும், அதனால் விரலை எச்சில் தொட்டுப் புரட்டவேண்டாம், படம் எடுக்க அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நான் போன ஒரு சபையில் இருபது வருடப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அப்படி இருந்தால் காணிக்கைப் பட்டியல், சபை உறுப்பினர் பட்டியல், சங்கக் கணக்கு எதுவாவது அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் பெயர் ஆண்டுதோறும் காணிக்கைப் பட்டியலில் வந்து திடீரென்று நின்றால், அவர் இறந்திருக்கவேண்டும் அல்லது ஊரைவிட்டுப் போயிருக்கவேண்டும். அடக்கப் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் போனவர் என்பது கிட்டத்தட்ட உறுதி.

பெயரில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். வீட்டில் கூப்பிட்டது ஒன்று, ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, தோட்டத்துப் பேரேட்டில் கங்காணி சொல்லி எழுதியது இன்னொன்று. லண்டன் மிஷன் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது: இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பி ஆதரித்தவர்களின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உபதேசிமாருக்கும் வைத்தார்கள். ஆகவே புத்தகத்தில் வெள்ளைக்காரப் பெயர் வந்தால் வெள்ளைக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள், அது உங்கள் சொந்தப் பூட்டனாக இருக்கலாம். பெயரைவிட நம்பத்தக்கது அப்பா பெயரும் வீட்டுப்பெயரும்தான், அந்த ஏதோ ஒரு விளை (வீடு நிற்கிற தோட்டம்), அந்தப் புத்தன்வீடு. எழுத்துப் பிசகினாலும் விளை மாறாது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் இருந்தபோது விளையின் பெயரை வைத்துத்தான் நான் பிரித்தேன்.

கத்தோலிக்கப் புத்தகத்தில் ஓரத்தைப் பாருங்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தப் பங்கிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பவேண்டும், இங்கே அதை அவருடைய வரியின் ஓரத்தில் குறிக்கவேண்டும். கடலோர ஊர்க்காரர் ஒருவர் கொழும்பில் கல்யாணம் செய்திருந்தால், அந்தக் கோயிலின் பெயர் ஊர்ப் புத்தகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்க வாய்ப்புண்டு. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும், ஆனால் பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது பத்துச் சொல்தான். நாத்துஸ் பிறந்தார், பிலியுஸ் மகன், பிலியா மகள், பாத்ரினுஸ் ஞானத்தகப்பன், ஓபீத் இறந்தார்.

சபைக்கு அடுத்து ஆதாரங்கள். எங்களுக்கு வழி திறந்தது இங்கேதான். அக்காளின் கல்யாணப் பதிவில், 1092 தை மாதம், எங்கள் ஆள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆக அன்றைக்கு அவர் ஊரில். அதன் பிறகு எதிலும் இல்லை. பாட்டா சகோதரர்கள் 1104-ல் பாகம் பிரித்த ஆதாரம் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் மலையாள எழுத்தில் கிடந்தது, யாரும் வாசித்ததில்லை. பாறசாலைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது பக்கத்தில், இலங்கையில் ஹட்டன் பக்கம் தாமசிக்கும் (குடியிருக்கும்) இளையவனுடைய பங்கை மூத்தவன் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரி. வீட்டுப் பெட்டியில் ஆதாரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணையும் ஆண்டையும் கொடுத்து நகல் கேளுங்கள். திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

லண்டனைப் பற்றியும் கேட்பீர்கள். லண்டன் மிஷனின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் முன்னோர் உபதேசியாராகவோ மிஷன் பள்ளி ஆசிரியராகவோ இருந்தால் பார்க்கலாம், சாதாரண சபையாருக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஞானஸ்நானப் பட்டியல்கள் முக்கியமாக ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவை, அதற்காகப் பணம் கட்டவேண்டாம்.

ஊரும் பெயரும் கையில் வந்த பிறகே இலங்கைப் பக்கம் திரும்புங்கள். மலைநாட்டில் லண்டன் மிஷன் சபை கிடையாது, அதனால் நெய்யூர்க்காரர் அங்கே ஆங்கிலிக்கன் கோயிலுக்கோ மெத்தடிஸ்ட் கோயிலுக்கோதான் போயிருப்பார். தோட்டத் தமிழர் நடுவே ஆங்கிலிக்கன் ஊழியம் 1854-லேயே தொடங்கியது. அவருடைய பிள்ளைகள் இந்தியாவுக்கே திரும்பியிருக்கவும் கூடும். 1964 அக்டோபரில் போடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பலர் நம் மாவட்டத்திலேயே கீரிப்பாறை, கோதையாறு பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பத்திரமாக இருக்கும், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதை அவர்களும் நன்றாகச் சொல்வார்கள். நான் கீரிப்பாறைக்குப் போய் ஹட்டன் பக்கத்துக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டபோது, ஒரு வயதான அம்மா எந்தத் தோட்டத்துக்காரர்கள் எந்தக் கோயிலுக்குப் போவார்கள் என்று வரிசையாகச் சொல்லித் தந்தார்.

அவர் சொன்ன மூன்று கோயில்களுக்கும் கடிதம் எழுதினேன். கடிதத்தில் கதை எழுதாதீர்கள், ஒரே பக்கம் போதும்: பெயர், பெயரை வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம், அப்பா பெயர், ஊர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, பார்க்கவேண்டிய பத்து ஆண்டுகள், எந்தப் புத்தகம். எங்களுக்கு இரண்டு கோயில்களிலிருந்து பதில் இல்லை. மூன்றாவதிலிருந்து ஏழு மாதம் கழித்து அடக்கப் புத்தகத்தின் ஒரு வரியை யாரோ கையால் எழுதி அனுப்பினார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அப்பா பெயர் சரியாக இருந்தது, ஊர் என்ற இடத்தில் திருவாங்கோடு என்று இருந்தது, ஆண்டு 1938. வேதாகமத்தில் ஐந்தாவது பெயருக்கு எதிரே அந்தத் தேதியைப் பெரியம்மை தன் கையால் எழுதினார்.