முகத்தைக் காட்டும் முன் வார்த்தையைக் கொடுக்காதீர்கள்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாணப் போட்டோ வந்தது. காலையில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாலையில் சித்தப்பா மகள் ஒரு வரி போட்டாள்: "பெரியப்பா ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு?" திரும்பப் போய்ப் பார்த்தேன். ஆமாம், கோபமாகத்தான் இருந்தார். புருவம் சுருங்கியிருந்தது, உதடு இறுகியிருந்தது. முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று ஒருவர் காரணம் சொன்னார். மொய் எழுதும் இடத்தில் ஏதோ நடந்தது என்றார் இன்னொருவர். கடைசியில் அவரிடமே கேட்டால், போட்டோகிராபர் வெயிலைப் பார்த்து நிற்க வைத்துவிட்டாராம். கண் கூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சறுக்கல் டார்வினுக்கே நடந்திருக்கிறது. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி போட்டோக்கள் எடுத்திருந்தார். அவற்றை விளக்கத்தோடு சேர்த்துப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே அச்சு அசலாக இருப்பதாக டார்வினுக்குப் பட்டது. அப்புறம் விளக்கத்தைச் சொல்லாமல் 20-க்கும் மேற்பட்டவர்களிடம் காட்டினார். சில முகங்களைக் கிட்டத்தட்ட எல்லாரும் சட்டென்று அடையாளம் சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. விளக்கத்தைப் படிக்காமல் பார்த்திருந்தால் தானும் சிலவற்றில் குழம்பியிருப்பேன் என்று 1872-இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார்.

ஆக, முதல் தவறு கேள்விக்குள்ளேயே உணர்ச்சியின் பெயரை வைப்பது. "ஏன் கோபமா இருக்க?" என்று கேட்டால், கேட்பவருக்கு எதிரில் இருப்பது கோப முகமாகத் தெரியத் தொடங்கிவிடும். அதைவிட மோசம், அதற்குக் காரணமும் தேடுவது. ஹால்பர்ஸ்டாட், நீடெந்தால் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் மகிழ்ச்சியும் கலந்த முகங்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். "இவர் ஏன் கோபமாக இருக்கிறார்?" என்று விளக்கச் சொன்னார்கள். பிறகு, முன்பு பார்த்த முகத்தைத் தேடி எடுக்கச் சொன்னபோது, பார்த்தவர்கள் உண்மையில் இருந்ததைவிடக் கோபம் கூடிய முகத்தைத்தான் எடுத்தார்கள். நினைவில் இருந்த முகமே மாறிப்போயிருந்தது. எங்கள் குழுவில் பந்தியையும் மொய்யையும் இழுத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தவறு, நாலைந்து சொற்களைக் கொடுத்து "இதில் எது?" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலை அந்த முகத்தின் உண்மை என்று நம்புவது. முகபாவம் உலகத்துக்கே பொது என்பதற்குப் பெரிய சான்றாகக் காட்டப்படுவது உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் பிரீசனும் 1960-களின் கடைசியில் பப்புவா நியூ கினியில் போரே மக்களிடம் நடத்திய ஆய்வு. அங்கே ஒரு சிறு கதையைச் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று போட்டோக்களில் பொருந்துவதைத் தொடச் சொன்னார்கள். கதை முன்னால் வந்தது, முகம் பின்னால். இப்படிக் கொடுத்ததற்குள்ளேயே பொறுக்க வைக்கும் முறையே பதில்கள் ஒத்துப்போவதைக் கூட்டிக் காட்டும் என்று ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் 1994-இல் விரிவாக வாதிட்டார். எக்மன் சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. மழலைப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும், மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்ற எக்மனின் ஆறு முகப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று குழந்தையிடம் கேட்டுவிட்டு மதிப்பெண் போடாதீர்கள் என்கிறேன். குழந்தை படிப்பது முகத்தையா, கீழே இருக்கும் சொல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஆறு சொற்களும் எங்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு. அதில் பெருமிதம் உண்டு. எக்மனின் ஆறில் அதற்கு இடமில்லை. அன்றாடப் பேச்சில் நம் சொற்கள் இன்னும் தந்திரமானவை. "உற்றுப் பார்க்கிறான்" என்பது கண் செய்வதைச் சொல்கிறது. "முறைக்கிறான்" என்றால் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. "உர்ரென்று இருக்கிறாள்", "முகம் கொடுக்கவில்லை" எல்லாம் இந்த வகைதான்: வர்ணனை மாதிரி ஒலிக்கும், உள்ளே குற்றச்சாட்டு இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து, "சொல் இல்லாவிட்டால் முகமே தெரியாது" என்று சொல்வதும் தவறுதான். சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. லிண்ட்க்விஸ்ட், பேரட் என்ற உளவியலாளர்களின் குழு 2006-இல் செய்த சோதனையில், பங்கேற்றவர்களை "கோபம்" போன்ற ஒரு சொல்லை 30 தடவை சொல்ல வைத்தார்கள். நீங்களும் சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அது வெறும் சத்தமாகிவிடும். அந்த நிலையில் இரண்டு முகங்களைக் காட்டியபோது, இரண்டும் ஒரே உணர்ச்சியைக் காட்டுகின்றனவா என்று சொல்வதில் அவர்கள் தடுமாறினார்கள். அதே குழு 2014-இல், சொற்பொருள் மறதிநோயால் வார்த்தைகளின் பொருளையே இழந்துகொண்டிருந்த மூன்று பேரிடம் போட்டோக்களைப் பிரிக்கச் சொன்னது. அவர்கள் ஆறாகப் பிரிக்கவில்லை. நல்லது, கெட்டது, இரண்டும் இல்லாதது என்ற கணக்கில் குவித்தார்கள். மறுபக்கம், மெக்சிகோவின் யுகாத்தேக் மாயா மொழியில் கோபத்துக்கும் அருவருப்புக்கும் தனித்தனிச் சொல் இல்லை. ஆனாலும் அந்த மொழி பேசுபவர்கள் இரண்டு முகங்களையும் பிரித்துப் பார்த்தார்கள் என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பேச்சு வராத 7 மாதக் குழந்தைக்கே சிரித்த முகத்துக்கும் பயந்த முகத்துக்கும் வித்தியாசம் தெரியும். எல்லை எங்கே என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

"எந்திரம் பார்த்தால் சரியாகத்தானே சொல்லும்?" என்பார்கள். எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த படங்களிலும் யாரோ சொற்களை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். மைக்ரோசாப்ட் 2022-இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்குவதாக அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளியிலும் இப்படிக் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு தவிர, ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

சரி, வேறு எப்படிக் கேட்பது? நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் முகப் படங்களைக் கொடுத்து இஷ்டப்படி பிரிக்கச் சொன்னபோது, பலர் குவியல்களுக்கு "சிரிக்கிறார்", "பார்க்கிறார்" என்று செயலைத்தான் பெயராகச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பெரியப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, அவரைத் தெரியாத அலுவலக நண்பரிடம் காட்டி, "இவர் என்ன செய்கிறார்?" என்று மட்டும் கேட்டேன். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தூரத்துல போர்டு ஏதாவது படிக்கிறாரா? இல்ல, பல்வலியா?"